நடுப்பக்கம் காப்பாற்றப்பட்ட விதம்

மயிலாப்பூரில் குளத்துக்குத் தெற்கே ஒரு சந்தில் ‘நடுப்பக்கம்’ என்ற புத்தகக் கடையைத் தங்கபுஷ்பம் நடத்திவந்தார். மழை வெள்ளம் அதற்குள் புகுந்திருக்கிறது. தொற்றுக் காலத்தில் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்திருக்கிறது. மெட்ரோ வேலைக்காகச் சந்தின் வாயைத் தகரம் வைத்து அடைத்தார்கள். எதற்கும் அந்தக் கடை அசையவில்லை. தனிப் புத்தகக் கடைகள் பாதுகாப்பு மற்றும் மேம்பாட்டு வாரியம் அதைக் காப்பாற்ற முடிவுசெய்தபோதுதான் அதன் கதை முடிந்தது.

தங்கபுஷ்பம் புகுந்த குடும்பத்தில் எல்லாரும் வியாபாரிகள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் காலூன்றியவர்கள். கணவர் சுயம்புலிங்கத்துக்குப் பாத்திரக் கடை, கொழுந்தனுக்கு ஜவுளிக் கடை. மனைவி புத்தகக் கடை வைக்கிறேன் என்றபோது சுயம்புலிங்கம் சற்று யோசித்துவிட்டு, “புக்கு அழுகாது, துரு பிடிக்காது. வச்சுப் பாரு” என்று சொல்லிவிட்டார்.

கடை சிறியது. முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் அறை. சமையல் புத்தகங்களுக்குப் பக்கத்தில் கவிதை இருந்தது. சமையல் புத்தகம் வாங்க வருகிற பெண்கள், கணவன்மார் வண்டியைத் திருப்பிக்கொண்டு வரும்வரை சும்மா நிற்பார்கள். அப்போது கை தானாக அந்தப் பக்கம் போகும் என்பது தங்கபுஷ்பத்தின் கணக்கு. கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியர் அனந்தராமன் தினமும் மாலையில் வந்து, மூலை நாற்காலியில் உட்கார்ந்து ஏதாவது ஒரு கொலை நாவலைப் படிப்பார். கடைசி அத்தியாயம் வரும்போது அதைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்வார். “கொலைகாரன் யாருன்னு தெரியறப்ப ஆத்துல இருக்கணும். இங்கே நாலு பேர் முன்னாடி தோத்துப்போக முடியாது” என்பார்.

பாட்டு டீச்சர் நீரஜா முதன்முதலில் வந்தது அவர் கணவர் இறந்த சில வாரங்களில். நெடுநேரம் நின்றுவிட்டு, “யாரும் செத்துப்போகாத கதை ஏதாவது இருக்கா?” என்று கேட்டார். தங்கபுஷ்பம் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு பின்னறைக்குப் போய், ஊட்டியில் தங்கும் விடுதி நடத்தும் அக்கா தங்கை இருவரைப் பற்றிய நாவல் ஒன்றைத் தேடி எடுத்துவந்து கொடுத்தார். அடுத்த வாரம் நீரஜா திரும்பி வந்தார்.

“அதுல ஒரு நாய் செத்துப்போறதே” என்றார்.

“அய்யோ, நாய மறந்துட்டேன் டீச்சர். மன்னிச்சிருங்க.”

“பரவாயில்லை. நாய்க்காக அழுதேன். கொஞ்சம் நன்னாருந்தது” என்றார் நீரஜா. அன்றிலிருந்து அவரும் அந்தக் கடையின் ஆள் ஆகிவிட்டார்.

இப்படிப்பட்ட கடை பெரிய லாபத்தில் ஓடியிருக்காது. பலர் அட்டையைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, வாசற்படி இறங்குவதற்குள் வேறெங்கோ வாங்கிவிடுவார்கள். தங்கபுஷ்பம் அதைப் பார்த்தும் பாராமல் இருப்பார். கட்டட உரிமையாளர் பாலவாக்கத்திலிருந்து வந்து, இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப்போவதாகச் சொன்னபோதுதான் அதை அனந்தராமனிடம் சொல்லிப் புலம்பினார்.

“கவலைப்படாதேங்கோ. புத்தகக் கடைகளைக் காப்பாத்தறதுக்குன்னே ஒரு வாரியம் போட்டிருக்காளாம், பேப்பர்ல வந்திருந்தது” என்றார் அனந்தராமன். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்.

வாரியத்தின் அலுவலகம் தி.நகரில் ஒரு நகைக் கடைக்குப் பின்புறம் இருந்தது. வரவேற்பறையில் கண்ணாடி அலமாரிகள் நிறைய அழகான புத்தகங்கள். காத்திருக்கும் நேரத்தில் ஒன்றை எடுக்கலாம் என்று தங்கபுஷ்பம் கையை நீட்டினார். பூட்டியிருந்தது. சாவி வைத்திருப்பவர் வாசிப்பு இயக்கத்துக்காக வெளியூர் போயிருப்பதாகச் சொன்னார்கள்.

இணை இயக்குநர் நிரஞ்சன் மிகவும் மரியாதையாகப் பேசினார்.

“உங்க கடை தனிக் கடைதானா அம்மா? யாருக்கும் கட்டுப்படாத கடையா?”

“ஆமா சார். நானேதான் நடத்துதேன்.”

“அதை நீங்க சொல்லக் கூடாது. உங்க மேலதிகாரி யாராவது சான்று கொடுக்கணும்.”

“எனக்கு மேல யாரும் இல்ல சார்.”

“அப்புறம் நீங்க யாருக்கும் கட்டுப்படாதவர்னு யார் சொல்றது?”

இந்தச் சிக்கலில் மாட்டிய முதல் ஆள் தங்கபுஷ்பம் அல்ல என்பதால் வாரியத்திடம் ஏற்கெனவே ஒரு வழி இருந்தது. கடையைத் தற்காலிகமாக வாரியத்தின் கட்டுப்பாட்டில் ஒப்படைக்க வேண்டும். வாரியம் அவருக்கு மேலதிகாரி ஆகிவிடும். மேலதிகாரி என்ற முறையில், இந்தக் கடை யார் கட்டுப்பாட்டிலும் இல்லை என்று வாரியமே சான்று வழங்கும்.

“இடிக்க விடமாட்டீங்கல்லா சார்?”

“ஒரு செங்கல்லைக்கூடத் தொட முடியாது” என்றார் நிரஞ்சன். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு மனம்விட்டுப் பேசினார். “புத்தகம்னா எனக்கு உயிர். ஆனா இந்தப் பதவிக்கு வந்ததிலேர்ந்து ஒரு புத்தகத்தையும் நான் திறக்கறதில்லை. ஒண்ணைப் படிச்சா மத்ததுக்கு அநியாயம் பண்ணினா மாதிரி ஆயிடும், பாருங்க.”

தங்கபுஷ்பம் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அன்று இரவு சுயம்புலிங்கம் விஷயத்தைக் கேட்டுவிட்டு, “கடை யார் பேர்ல இருக்கு இப்ப?” என்று மட்டும் கேட்டார்.

முதலில் ஆலோசகர் சாய்சரண் வந்தார். இளைஞர். இதற்கு முன் உறைய வைத்த கோழி இறைச்சி விற்கும் கடைகளுக்கு ஆலோசனை சொல்லிப் பெயர் வாங்கியவர். கையில் ஒரு டேப்லெட்டை வைத்துக்கொண்டு ஒருநாள் முழுக்க மூலையில் நின்று பார்த்தார். மாலையில் தன் கவலைகளைத் தெரிவித்தார்.

“ஆன்ட்டி, உங்க கடையில கஸ்டமர் ரொம்ப நேரம் இருக்காங்க.”

“அது நல்லதுதானப்பா?”

“இல்ல ஆன்ட்டி. எங்க பழைய புராஜெக்ட்ல கஸ்டமர் ஃப்ரீசரைத் திறந்துக்கிட்டு மூணு நிமிஷத்துக்கு மேல நின்னா சரக்கு கெட்டுப்போயிடும்.” அவர் அனந்தராமன் பக்கம் திரும்பினார். “இந்த அங்கிள் ஒரு சதுர மீட்டரை அடைச்சுக்கிட்டு இருக்கார். இதை அடைப்புன்னு போட்டிருக்கேன்.”

“என்னையா அடைப்புங்கறேள்?” என்றார் அனந்தராமன்.

“பர்சனலா எடுத்துக்காதீங்க அங்கிள். சாக்கடைக்கும் இதே வார்த்தைதான்.”

அன்று நீரஜாவுக்கு இன்னொரு புத்தகம் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததையும் சாய்சரண் கவனித்திருந்தார். எந்த அடிப்படையில் கொடுத்தீர்கள் என்று கேட்டார். முகத்தைப் பார்த்துக் கொடுத்தேன் என்றார் தங்கபுஷ்பம். முகத்தை அளக்கும் வசதி வாரியத்திடம் இல்லாததால், இனிமேல் வாரியம் ஒப்புதல் அளித்த பரிந்துரையாளர் மட்டுமே புத்தகம் பரிந்துரைக்கலாம் என்று முடிவானது. அந்தப் பதவிக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லை. எடுக்கும்வரை, எந்தப் புத்தகம் நன்றாக இருக்கும் என்று யாராவது கேட்டால், “எல்லாம் நன்றாக இருக்கும்” என்று சொல்ல வேண்டும்.

கவிதையும் சமையலும் கலந்து கிடப்பது வாரியத்துக்கு உறுத்தியது. இரண்டு ஊழியர்கள் வந்து எல்லாவற்றையும் உயர வரிசையில் அடுக்கினார்கள். படத்தில் பார்க்க மிகவும் அழகாக இருந்தது. அதன் பிறகு யாராவது ஒரு புத்தகத்தைக் கேட்டால், அது எவ்வளவு உயரம் என்று தெரிந்திருக்க வேண்டியதாயிற்று. கொலை நாவல்கள் எங்கே என்று அனந்தராமன் கேட்டார். “ஒரு சாணுக்குக் கொஞ்சம் கம்மியா இருக்க எடத்துல தேடுங்க சார்” என்றார் தங்கபுஷ்பம். அனந்தராமனின் நாற்காலியை ஏற்கெனவே எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். எழுபது தாண்டிய மனிதர் முழங்கால் வலியோடு நின்றுகொண்டே கொஞ்ச நேரம் தேடிவிட்டு வீட்டுக்குப் போனார். அடுத்த நாள் வரவில்லை.

இந்த மாதிரிக் கதைகளில், அதிகாரிகள் யாரும் கெட்டவர்கள் இல்லை, அமைப்புதான் அப்படி என்று ஒரு வரி எழுதுவது வழக்கம். நான் எழுதப்போவதில்லை. முழங்கால் வலிக்காரர் ஒருவரின் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனது அமைப்பு அல்ல. இரண்டு கையும் இரண்டு காலும் உள்ள ஆட்கள்தான்.

பிறகு ‘தனிப் புத்தகக் கடை வாரம்’ வந்தது. அதைக் கொண்டாடுவதற்காக நகரத்தின் எல்லாத் தனிப் புத்தகக் கடைகளும் வாரம் முழுவதும் மூடப்பட்டன. கடைக்காரர்கள் அடையாறில் குளிரூட்டப்பட்ட அரங்கு ஒன்றுக்கு வரவழைக்கப்பட்டு, மேடைக்கு எதிரே உட்கார வைக்கப்பட்டார்கள். செலவை ஏற்றது, அரைமணி நேரத்தில் புத்தகத்தை வீட்டு வாசலில் கொண்டுவந்து போடும் ஒரு கைபேசிச் செயலி நிறுவனம். அதன் பிரதிநிதி வாழ்த்துரை வழங்கினார். “உங்களைப் போன்ற கடைகள் இல்லாவிட்டால், எந்தப் புத்தகம் வேண்டும் என்று மக்கள் எங்கே போய்ப் பார்ப்பார்கள்? பார்க்காமல் எங்களிடம் எப்படி வாங்குவார்கள்? நாங்கள் என்றென்றும் நன்றிக்கடன் பட்டவர்கள்” என்றார். கைதட்டினார்கள்.

அடுத்து நிரஞ்சன் பேசினார்.

“புத்தகக் கடை என்பது என்ன? அது ஓர் உணர்வு. உணர்வை விற்க முடியுமா? முடியாது. ஆகவேதான் இந்த அரங்கில் புத்தக விற்பனைக்கு அனுமதி இல்லை. நிரஞ்சன் புத்தகக் கடைப் பக்கமே வருவதில்லை என்று சிலர் குறை சொல்கிறார்கள். மீன்வளத் துறையில் இருந்தபோது நான் கடலுக்குப் போனதில்லை. அதனால் எந்த மீனாவது என்மேல் வருத்தப்பட்டதா? நண்பர்களே, இந்த வாரியம் தொடங்கியபோது இருந்த கடைகளில் பாதி இன்று இல்லை. இதனால், மீதமுள்ள ஒவ்வொரு கடைமீதும் எங்களால் இரு மடங்கு கவனம் செலுத்த முடிகிறது என்பதை மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன். அடுத்த ஆண்டு இந்தக் கவனம் மேலும் கூடும்.”

தங்கபுஷ்பத்துக்குச் சால்வை போர்த்தினார்கள். நான் ரெண்டு வார்த்தை பேசலாமா என்று அவர் கேட்டார். கடைக்காரர்கள் பேசுவதற்கு நிகழ்ச்சி நிரலில் இடம் இல்லை, ஆனால் நன்றி சொல்ல விரும்பினால் சொல்லலாம் என்றார்கள். வேண்டாம் என்று இறங்கி வந்துவிட்டார். கையில் கொடுத்த பையில் அந்தச் செயலி நிறுவனத்தின் தள்ளுபடிக் கூப்பன் இருந்தது.

அடுத்த மாதம் நடுப்பக்கம் ‘பாதுகாக்கப்பட்ட கடை’யாக அறிவிக்கப்பட்டது. கட்டடத்தை இடிக்கத் தடை வந்தது. தங்கபுஷ்பம் அன்று சந்து முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். இதைத்தானே கேட்டோம், கிடைத்துவிட்டது என்று அவர் மனம் நிறைந்திருந்தது.

மறுநாள் காலை கண்ணாடி பொருத்தும் ஆட்கள் வந்தார்கள். எல்லா அலமாரிகளுக்கும் கண்ணாடிக் கதவு போட்டுப் பூட்டினார்கள். கூடவே வந்திருந்த நிரஞ்சன் விளக்கினார்.

“அறிவிப்பு வந்த தேதியில் கடையில இருந்த எல்லாப் புத்தகமும் பாதுகாக்கப்பட்ட தொகுப்பு அம்மா. ஒண்ணு குறைஞ்சாலும் கடையோட தன்மை கெட்டுடும்.”

“விக்கக் கூடாதுன்னா சொல்லுதீங்க?”

“கடையை நீங்க தாராளமா நடத்தலாம். விக்கறது மட்டும் கூடாது.”

சுயம்புலிங்கம் செய்தி கேட்டு தி.நகரிலிருந்து ஸ்கூட்டரில் வந்தார். கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். “நானும் முப்பது வருஷமா யாவாரம் பண்ணுதேன். சரக்கு விக்காம போன கடையப் பாத்திருக்கேன். வித்தா தப்புங்கிற கடைய இன்னைக்குத்தான் பாக்கேன்” என்றார். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டு, “சாப்பிட்டியா?” என்று கேட்டார்.

பள்ளிப் பிள்ளைகளைப் பேருந்தில் அழைத்துவந்து காட்டினார்கள். வாரியத்தின் வழிகாட்டிப் பெண், “இதுதான் புத்தகக் கடை. முன்பெல்லாம் மக்கள் உள்ளே வந்து புத்தகத்தைக் கையிலேயே எடுத்துப் பார்ப்பார்களாம்” என்று சொன்னார். பிள்ளைகள் தங்கபுஷ்பத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள். வாசலில் நிறுத்தப்பட்டிருந்த காவலாளி, கண்ணாடிப் பக்கம் போகிறவர்களை அதட்டினார். “தொடாத நைனா, தொடாத. சைரன் கீது.”

அப்படியும் தங்கபுஷ்பம் தினமும் வந்து உட்கார்ந்தார். வேறெங்கே போவது என்று அவருக்குத் தெரியவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த புத்தகங்களின் முதுகுகளைப் படித்துக்கொண்டிருப்பார். சாப்பாடு குறைந்தது. யாராவது ஏதாவது கேட்டால் “எல்லாம் நன்றாக இருக்கும்” என்று சொல்லப் பழகிவிட்டார்.

ஒருநாள் பகலில் நீரஜா அவசரமாக வந்தார். சாந்தோமில் இருக்கும் அக்காவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை முடிந்திருந்தது. இரண்டு கண்ணிலும் கட்டு. பயந்து போய், யாரோடும் பேசாமல் படுத்திருக்கிறாள்.

“அன்னிக்கு எனக்குக் கொடுத்தேளே, அந்த ஊட்டிக் கதை. நான் யாருக்கோ கொடுத்துத் திரும்பி வரலை. அவளுக்குப் படிச்சுக் காட்டணும். அந்த அக்கா தங்கை சண்டையைக் கேட்டா சிரிச்சுடுவா.”

இன்னொரு பிரதி இருந்தது. இரண்டாவது அலமாரியில், கண்ணுக்கு நேரே, ஒரு முழத்தூரத்தில் தெரிந்தது. தங்கபுஷ்பம் நிரஞ்சனுக்குப் போன் செய்தார்.

“ஒரு புத்தகம்தானே, நிச்சயமா பரிசீலிக்கலாம். கமிட்டி கூடுறப்ப வைக்கிறேன்” என்றார் அவர்.

“கமிட்டி எப்ப கூடும் சார்?”

“தலைவரை நியமிச்சதும் கூடும்.”

“ஒரு மனுஷி கண்ணக் கட்டிக்கிட்டு ஆஸ்பத்திரில கெடக்கா சார்.”

“பார்வை இல்லாதவங்களுக்கா? அது வேற துறை அம்மா” என்றார் நிரஞ்சன்.

தங்கபுஷ்பம் போனை வைத்தார். கல்லாவுக்குப் பின்னால் கிடந்த இரும்பு ஸ்டூலை எடுத்தார். “டீச்சர், செத்த தள்ளிக்கோங்க” என்றார். பிறகு கண்ணாடியை அடித்தார்.

சைரன் அலறியது. அந்தச் சந்தில் இதுவரை கேட்காத சத்தம். பூக்கடை, காபித்தூள் கடை, ஜெராக்ஸ் கடை எல்லாவற்றிலிருந்தும் ஆட்கள் ஓடிவந்தார்கள். காவலாளி கையைப் பிசைந்தார். “இன்னா மேடம் இது, எனக்கு வேலை பூடும்” என்றார்.

“போன் பண்ணி சொல்லிருங்க தம்பி. நான் உடைச்சேன்னே சொல்லுங்க” என்றார் தங்கபுஷ்பம். ஊட்டிக் கதையை நீரஜாவின் கையில் கொடுத்துவிட்டு அடுத்த கண்ணாடியை அடித்தார். அதற்கும் அடுத்ததை அடித்தார். புறங்கையில் ரத்தம் வந்தது. முந்தானையைச் சுற்றிக்கொண்டார்.

பிறகு வாசலில் நின்று வேலையைத் தொடங்கினார். அத்தனை கூட்டம் அந்தக் கடை திறந்த நாளிலிருந்து வந்ததில்லை. பூக்காரப் பெண்ணைப் பார்த்தார், உள்ளே போய் ஒன்றை எடுத்துவந்தார். ஜெராக்ஸ் கடைக்காரரைப் பார்த்தார், வேறொன்றை எடுத்துவந்தார். காசு வைத்திருந்தவர்கள் கொடுத்தார்கள், இல்லாதவர்கள் பிறகு தருகிறேன் என்றார்கள். சத்தம் கேட்டு வந்த அனந்தராமன் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய், கண்ணாடித் தூளைத் துடைத்துப் புத்தகங்களை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார்.

மாலைக்குள் அலமாரிகள் காலி. அப்போதுதான் நிரஞ்சன் வந்து சேர்ந்தார். வெற்று அலமாரிகளைப் பார்த்து உண்மையாகவே கலங்கிவிட்டார்.

“ஒரு புத்தகக் கடையை அழிச்சிட்டீங்களே அம்மா.”

“வித்தேன் சார்.”

“யாரைக் கேட்டு? என்னமோ உங்க சொந்தக் கடை மாதிரி நடந்துக்கிறீங்க.”

தங்கபுஷ்பத்தின் குரல் உயரவில்லை.

“இந்தக் கடைக்குள்ள வெள்ளம் வந்திருக்கு சார். காப்பாத்த வந்திருக்கேன்னு சொல்லிக்கிட்டு வரல. நனைஞ்சதத் தூக்கிப் போட்டுட்டு மறுபடி தொறந்தேன். கட்டடத்துக்காரர் காலி பண்ணச் சொன்னார், அவரும் எனக்குச் சால்வை போடல. ஒங்கள மாதிரி யாரும் என்னைய என் கடைக்குள்ளயே வேடிக்கைப் பொருளா ஒக்கார வைக்கல. வெளிய போங்க.”

நிரஞ்சன் போனார். தொகுப்பு இல்லாத கடையைப் பாதுகாக்க விதி இல்லை என்பதால் அறிவிப்பு ரத்தானது. இரண்டு வாரத்தில் உரிமையாளர் கட்டடத்தை இடித்தார். புத்தகக் கடை ஒன்றுக்குச் சேதம் விளைவித்ததாகத் தங்கபுஷ்பத்தின் மேல் வாரியம் போட்ட வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. சுயம்புலிங்கம் ஒவ்வொரு முறையும் பாத்திரக் கடையைச் சாத்திவிட்டு அவருடன் நீதிமன்றத்துக்குப் போகிறார்.

இப்போது கே.கே. நகரில், மஹ்விஷ் என்ற பெண்ணின் தையல் கடையில் பாதியைத் தங்கபுஷ்பம் வாடகைக்கு எடுத்திருக்கிறார். பலகை எதுவும் மாட்டவில்லை. அந்தப் பக்கம் பிளவுஸ், இந்தப் பக்கம் புத்தகம். அளவு கொடுக்க வருகிறவர்கள் காத்திருக்கிறார்கள். காத்திருக்கிறவர்கள் கையில் எதையாவது எடுக்கிறார்கள். மயிலாப்பூரிலிருந்து நீரஜா ஆட்டோவில் வருகிறார், ஆட்டோக்காரரைத் திட்டிக்கொண்டே. அனந்தராமனுக்கு அவ்வளவு தூரம் வர முடிவதில்லை. அவரை நினைக்கும்போதெல்லாம் தங்கபுஷ்பத்துக்குக் கோபம் புதிதாக வருகிறது.

போன வாரம் அங்கேயும் ஒரு கார் வந்து நின்றது. நிரஞ்சன் இறங்கினார், பின்னாலேயே சாய்சரண். பழையதை எல்லாம் மறந்துவிட்ட முகத்தோடு நிரஞ்சன் வாசலை அடைத்துக்கொண்டு நின்று, இடம்பெயர்ந்த புத்தகக் கடைகளுக்கான புதிய மறுவாழ்வுத் திட்டத்தை விவரித்தார். இடம்பெயர்ந்த கடைகள் இவ்வளவு அதிகமாக இருப்பது வாரியத்துக்கே வியப்பாக இருந்ததாம். அவர் முதுகுக்குப் பின்னால் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் உள்ளே வர வழியில்லாமல் நின்றாள்.

“உங்க கருத்தை ஒரே வரியில சொல்லுங்க அம்மா, அறிக்கையில சேர்த்துடலாம்” என்றார் நிரஞ்சன்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார். வாங்க வந்தவங்க நிக்காங்க.”

அதை எழுதிக்கொள்ளும்படி நிரஞ்சன் சாய்சரணிடம் சொன்னார். ஆனால் நகரவில்லை.

தங்கபுஷ்பம் எழுந்து வந்தார். இணை இயக்குநரின் இரண்டு தோள்களையும் பிடித்து, பீரோவை நகர்த்துவதுபோல் சுவரோரமாக நகர்த்தி வைத்தார். பிறகு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து, “வாம்மா, உனக்கா, பிள்ளைக்கா?” என்று கேட்டார்.